மூன்று குதிரை நிலத்தில் முளைத்த வீடுகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் புத்தகங்களின் வழியாகவே அறிந்த நமக்கு, அச்சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் காட்சிகள் சிலவே. வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரிகளும் குன்றுகளும், ஜேன் ஆஸ்டனின் பண்ணை மாளிகைகளும், தாமஸ் ஹார்டியின் மேய்ச்சல் வெளிகளும் வைக்கோல் வேய்ந்த குடில்களும் வந்து நிற்கும். இவற்றில் எதிலும் அடங்காத இன்னொரு நாட்டுப்புறமும் அங்கே இருந்தது. லண்டனின் கிழக்குப் பகுதித் தொழிலாளர்கள் ஐந்து பவுண்டுக்கு மனை வாங்கி, தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொண்ட எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் சேற்று நிலம் அது. பாதி ஊரும் பாதிக் காடுமாக இருந்த இக்குடியிருப்புகளை ஆங்கிலேயர் 'பிளாட்லேண்ட்ஸ்' என்றார்கள். நாம் மனைநிலங்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

லண்டனுக்கு இவ்வளவு அருகில் நிலம் இவ்வளவு மலிவாகக் கிடைத்தது எப்படி? இதற்கு விடை தேட வேண்டிய இடம் அமெரிக்கா. 1870களில் அமெரிக்கப் புல்வெளிகளில் விளைந்த கோதுமை, ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி வெள்ளமாக வந்து இறங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தில் கோதுமை விலை பாதிக்கும் கீழே சரிந்தது. தெற்கு எஸ்ஸெக்ஸின் மண் கடினமான களிமண். உழுவதற்கு மூன்று குதிரைகள் வேண்டும் என்பதால் 'மூன்று குதிரை நிலம்' என்றே அதற்குப் பெயர். விலை இருந்தவரை உழுதார்கள். விலை போனதும் உழவுச் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை. பண்ணைகள் தரிசாயின, நிலக்கிழார்கள் விற்க முன்வந்தார்கள். ஆனால் விவசாயத்துக்கென்று வாங்க ஆளில்லை.

இதே காலத்தில் லண்டனின் ஃபென்சர்ச் தெருவிலிருந்து சவுத்தெண்ட் கடற்கரை வரை செல்லும் ரயில் பாதையில், 1888இல் லெயிண்டன் நிலையம் திறக்கப்பட்டது. நில வியாபாரிகள் இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பண்ணைகளை மொத்தமாக வாங்கித் துண்டு போட்டார்கள். ஏல நாளன்று மலிவான ரயில் சீட்டில் நகரத்து மக்களை அழைத்து வந்தார்கள். வயல் நடுவே கூடாரம் அடித்து, விருந்தும் ஷாம்பெயினும் கொடுத்து மனைகளை விற்றார்கள். போதையில் கையெழுத்திட்டுவிட்டு, வாங்கிய மனையை அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் உண்டு. எனவே விற்ற மனைகள் எல்லாம் உடனே வீடுகளாகிவிடவில்லை. பல துண்டுகள் பல ஆண்டுகள் முட்புதராகவே கிடந்தன. கதை சூடுபிடித்தது முதல் உலகப் போருக்குப் பிறகுதான்.

1930களில் லெயிண்டனில் 20 அடி அகலமும் சுமார் 150 அடி நீளமும் கொண்ட மனை ஒன்றின் விலை 5 பவுண்டு. நம் கணக்கில் இது ஒரு கிரவுண்டுக்கும் மேல். ஏறத்தாழ ஏழு சென்ட். ஒரு தொழிலாளியின் இரண்டு மூன்று வாரக் கூலியில் அடங்கிவிடும் தொகை. அதையும் தவணையில் கட்டலாம். 1932இல் ஒரு பெண்மணி முன்பணத்துக்கான ஒரு பவுண்டைக் கடனாக வாங்கித்தான் மனைக்கு உரிமையாளர் ஆனார் என்று, இவ்வரலாற்றைத் தொகுத்த காலின் வார்டு எழுதுகிறார். முதலில் பழைய ராணுவக் கூடாரம். பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்த செங்கல்லும் பலகையும். வார இறுதிதோறும் வந்து கட்டிய வீடு. அடமானக் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வாறு எழுந்த வீடுகளுக்கு இரண்டு ஒன்றுபோல் இருக்கவில்லை. கழித்துக் கட்டிய ரயில் பெட்டியை நிறுத்தி, முன்னால் தாழ்வாரம் இறக்கியவர்கள் இருந்தார்கள். பழைய பேருந்தை வீடாக்கியவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானவை பலகைச் சுவரும் கல்நார்த் தகடும் தகரமும் சேர்ந்த சிறிய தனி வீடுகள். நகரத்தில் ஓரிரு அறைகளுக்குள் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதுவே அரண்மனை. வாசலில் வீட்டுக்கு ஒரு பெயர்ப் பலகை தவறாமல் இருந்தது. டண்டனில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் 1934ஆம் ஆண்டு வீட்டின் பெயர் 'ஹேவன்', அதாவது புகலிடம்.

வாழ்க்கை எளிதாக இருந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தண்ணீருக்குத் தெருக்குழாயிலிருந்து வாளி சுமக்க வேண்டும். இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. கழிவுக் குழாய் கிடையாது. மலத்தைத் தோட்டத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். வரைபடத்தில் 'அவென்யூ' என்று கம்பீரமாகப் பெயரிடப்பட்டவை உண்மையில் புல் முளைத்த தடங்கள். மழைக்காலத்தில் களிமண் முழங்காலைப் பிடித்து இழுக்கும். ரயில் நிலையம் வரை ரப்பர் பூட்ஸில் நடந்து, அங்கே அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, நகரத்துக்கான காலணியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவது அன்றாட வழக்கம். அரசு சாலை போடவில்லை. அக்கம்பக்கத்தார் பணம் போட்டு மணலும் சிமெண்டும் வாங்கி, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய அகலத்தில் கான்கிரீட் நடைபாதைகளைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பிளம் மரமும், கொல்லையில் கோழியும் இருந்தன.

ஆரம்பத்தில் விடுமுறை வீடாக இருந்ததை நிரந்தர வீடாக்கியது இரண்டாம் உலகப் போர். 1940இல் லண்டன் கிழக்கின் மீது குண்டு மழை பொழிந்தபோது, வீடிழந்தவர்கள் தங்கள் மனைநிலத்துக்கு ஓடி வந்தார்கள். போர் முடிந்தபின் திரும்பிப் போக அவர்களுக்கு வீடில்லை. போரின் முடிவில் லெயிண்டன், பிட்சி பகுதியில் மட்டும் சுமார் 25,000 பேர் நிலையாகக் குடியிருந்தார்கள்.

படித்தவர்கள் இந்தக் குடியிருப்புகளை வெறுத்தார்கள். 1926இல் இங்கிலாந்தின் கிராமப்புறத்தைக் காக்கவென்றே ஒரு சங்கம் தோன்றியது. 1928இல் கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ், கட்டுப்பாடற்ற கட்டுமானத்தை இங்கிலாந்தைப் பற்றிய ஆக்டோபஸாக உருவகித்து ஒரு நூலே எழுதினார். அவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. கடலோரமும் குன்றுச் சரிவும் விற்பனைப் பொருளானது உண்மையே. ஆனால் தோட்டத்தோடு கூடிய வீடு என்ற அதே கனவைப் பணக்காரர் கண்டால் ரசனை என்றும், ஏழை கண்டால் அலங்கோலம் என்றும் பெயர் பெற்றதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

1947ஆம் ஆண்டின் நகர ஊரகத் திட்டச் சட்டம் இந்தக் கதவை மூடியது. நிலம் சொந்தமாக இருந்தாலும் அதில் கட்டும் உரிமை இனி அனுமதிக்கு உட்பட்டது. இதற்கு முன்பே, 1946இல், புதிய நகரங்கள் சட்டம் வந்துவிட்டது. குழாயும் சாலையும் இல்லாத இப்பகுதியைச் சீர்செய்ய வழி தெரியாத உள்ளாட்சி அமைப்புகளே புதிய நகரம் வேண்டும் என்று கேட்டன. 1949 ஜனவரியில் பாசில்டன் புதிய நகரம் அறிவிக்கப்பட்டது. வளர்ச்சிக் கழகம் மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, வீடுகளை ஒவ்வொன்றாக இடித்தது. இந்தப் பணி 1980கள் வரை நீண்டது. குளியலறையும் மின்சாரமும் உள்ள வாடகை வீட்டை மகிழ்ந்து ஏற்றவர்கள் பலர். உரிமையாளராக இருந்தவர் வாடகைக்காரர் ஆவதா என்று கடைசிவரை எதிர்த்து நின்றவர்களும் பலர்.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் ஜேவிக் என்ற இடம் 1920களின் இறுதியில் விடுமுறைக் குடில்களுக்காக மனை பிரிக்கப்பட்டது. தெருக்களுக்கு பென்ட்லி, ஆஸ்டின் என்று கார்களின் பெயர்களைச் சூட்டினார்கள். கோடைக்கென்று கட்டிய பலகை வீடுகளில், வேறு போக்கிடமின்றி மக்கள் ஆண்டு முழுவதும் வாழத் தொடங்கினார்கள். 1953 ஜனவரி 31 இரவில் வடகடல் பொங்கியபோது ஜேவிக்கில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் மொத்தம் 307 பேர். இடிப்பதற்கு உள்ளாட்சி முயன்றபோதும் ஜேவிக் மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை; அந்த ஊர் இன்றும் இருக்கிறது. ஆனால் 2010, 2015, 2019 ஆகிய மூன்று அரசுக் கணக்கெடுப்புகளிலும் இங்கிலாந்தின் மிகவும் நலிந்த பகுதி என்று குறிக்கப்பட்டது ஜேவிக்கின் ஒரு பகுதியே. மலிவு நிலம் தன்னால் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காலின் வார்டும் டென்னிஸ் ஹார்டியும் சேர்ந்து 1984இல் வெளியிட்ட 'ஆர்கேடியா ஃபார் ஆல்' என்ற நூல்தான் இம்மக்களுக்கு வரலாற்றில் இடம் பெற்றுத் தந்தது. வார்டு அரசின்மைக் கொள்கையர். மக்கள் தங்கள் உறைவிடத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் ஆற்றலுடையவர்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அதை முழுதாக ஏற்காதவர்களும் ஒன்றை மறுக்க முடியாது. சேற்றிலிருந்த குறை வீட்டின் குறையன்று. குழாயும் சாலையும் வராத குறை. அவற்றை அரசு கொண்டு வந்திருந்தால், கூடாரம் வீடானது போலவே அந்த வீடுகளும் காலப்போக்கில் நல்ல வீடுகளாகி இருக்கும். அங்கங்கே தப்பிய வீடுகள் அப்படித்தான் ஆயின.

உழைப்பவனுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது யாருடைய கருணையாலும் அன்று, எந்தத் திட்டத்தாலும் அன்று. நிலம் விலையிழந்து, சட்டமும் அசந்திருந்த அறுபது எழுபது ஆண்டு இடைவெளியில் அவன் நுழைந்துகொண்டான். நிலம் விலை ஏறியதும், சட்டம் விழித்ததும் அந்த வழி அடைபட்டது. சட்டம் காக்க வந்த அழகு பெரிதுதான். அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதே கேள்வி.

டண்டன் மனைநிலம் இப்போது இயற்கைக் காப்பகம். புல் தடங்களும் தகர்ந்த அடித்தளங்களும் மிச்சம். யாரோ நட்ட பிளம் மரங்கள், காடாகிவிட்ட தோட்டங்களின் நடுவே இன்னும் காய்க்கின்றன.