செவியின்பமும் பக்தியும்: தஞ்சையிலிருந்து திருவனந்தபுரம் வரை

ஆலயத்தில் எழும் இசை இறைவனுக்கா, பாடுவோரின் செவிக்கா என்னும் வினா கிறித்தவத்தில் மிகப் பழையது. மிலான் நகர ஆலயத்தில் கேட்ட பாடல்களால் கண்ணீர் விட்டு உருகிய அகுஸ்தீன், பின்னர்த் தம் வரலாற்றை எழுதும்போது அந்த உருக்கத்தையே ஐயுற்றார். பாடலின் பொருளைவிடப் பாடிய குரல் தம்மை மிகுதியாக அசைத்த வேளைகளைப் பாவம் என்றே எண்ணினார். ஆயினும் இசையை விலக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சுவிங்கிலியின் சீர்திருத்தம் சூரிக் நகர ஆலயங்களில் ஆர்கன் ஒலியையே நிறுத்தியது.

இறையியல் நூல்களின் வழியே மட்டும் அணுகுவோர்க்கு இஃது ஒரு மனச்சான்றுச் சிக்கலாகவே தோன்றும். தமிழ், மலையாளக் கிறித்தவக் கீர்த்தனைகளின் வரலாற்றை அருகில் வைத்து நோக்கினால் வேறொரு கேள்வி முன்னே வந்து நிற்கிறது: எவருடைய இன்பம்?

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடமிருந்து (1774–1864) தொடங்குவோம். சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். இரண்டாம் சரபோஜியின் இளமைக்கால நண்பர். 1800இல் அவர் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி', அரசவையிலும் கோயிலிலும் ஆடிப் பாடப்பட்ட வடிவத்தைக் கிறிஸ்துவின்மேல் கொண்ட காதலுக்கு உரியதாக்கியது. இறையை 'அனுபவித்தல்' என்று கூசாமல் சொல்லும் பக்தி மரபில் வளர்ந்த செவிக்கு இன்பமும் பக்தியும் எதிரிகள் அல்ல. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளுக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர்கள் இழைத்த கொடுமைகள் என்று சாஸ்திரியார் அடுக்கிய முறையீடுகளுள் ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்ததும் ஒன்று.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் அவர் நமக்கு எளிய நாயகர் ஆகிவிடுவார். பலர் அவ்வாறே நிறுத்திவிடுகின்றனர். அதே முறையீட்டில், சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒன்றாக வழிபட வேண்டும் என்று மிஷனரிகள் வற்புறுத்தியதும் கொடுமையாகவே பட்டியலிடப்பட்டுள்ளது. வேளாளக் கிறித்தவரான அவருக்கு இசையும் மலரும் சாதியும் ஒரே மரபின் உறுப்புகள். அவர் காக்க முனைந்த இன்பத்திற்கு ஓர் இருக்கை வரிசை இருந்தது.

தஞ்சையின் இசை திருவனந்தபுரத்திற்கு இரு வழிகளில் வந்தது. ஒன்று அரண்மனை வழி. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளின் அவைக்கு வந்து, 1834இல் மன்னரிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். (ஐரோப்பியரின் வயலின் கச்சேரி மேடையில் எளிதாக இடம்பெற்றது, கச்சேரியின் இராகம் ஆலயத்திற்குள் நுழையத்தான் விவாதம் வேண்டியிருந்தது!) மற்றொன்று கீர்த்தனை வழி. 1806இல் மயிலாடி வந்த ரிங்கல்தௌபே தொடங்கிய லண்டன் மிஷன் பணியில் முதலில் உருவானவை தமிழ்ச் சபைகள். வடக்கே நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று பணி பரவியபோது பாட்டுக்கு மலையாளம் தேவைப்பட்டது.

அத்தேவையை நிறைவு செய்தவர்களுள் முதன்மையானவர், நெய்யாற்றின்கரை வட்டத்துத் திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரிகள் (1847–1916). கர்நாடக இசை அறிந்தவர். ஆங்கில மெட்டில் மொழிபெயர்ப்புச் சொற்களைத் திணித்துப் பாடிவந்த சபைகளுக்கு இராகமும் தாளமும் இயல்பாக அமைந்த கீர்த்தனைகளை அளித்தார். அவற்றுள் 'நின்றெ ஹிதம் போலெ' எனத் தொடங்குவது, என் விருப்பப்படியன்று, உமது விருப்பப்படியே என்னை நடத்தும் என்று வேண்டுவது. கேரளத்தில் பல சபைப்பிரிவினரும் இன்றும் பாடுவது. மலையாளத்தில் 'ஹிதம்' என்றால் விருப்பம், சித்தம். அதே வடசொல் தமிழில் 'இதம்' ஆகி இனிமையைக் குறிக்கிறது. இரு மொழியும் புழங்கும் இவ்வூரில் ஒரு தமிழ்ச் செவி அந்தச் சொல்லில் இரண்டையும் கேட்கும். தன் விருப்பத்தைத் துறக்கும் பாட்டை மக்கள் விரும்பி விரும்பிப் பாடினர் என்பதில் முரண் காண்போர் அகுஸ்தீனின் பக்கம் நிற்கலாம். என்னால் இயலவில்லை.

காரணம், பாடியவர்கள். தென்திருவிதாங்கூர் லண்டன் மிஷன் சபைகளில் பெரும்பான்மையோர் நாடார், சாம்பவர், புலையர் முதலிய சமூகத்தினர். சபைக்குள்ளும் சாதிப் பிளவுகள் மறைந்துவிடவில்லை என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இம்மக்களின் முந்தைய தலைமுறைப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. தலைநகரின் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நவராத்திரிக் கச்சேரிகளில் ஒலித்த இசை அவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை. இன்பத்தைத் துறப்பதற்கு முதலில் அது கைவசம் இருக்க வேண்டும். ஆலயத்துப் பலகையில் அமர்ந்து இராகத்தில் தோய்ந்து பாடிய அந்த ஞாயிறுகளில் அவர்கள் அடைந்த மகிழ்ச்சியைப் பக்தியிலிருந்து பிரித்தெடுக்க எந்த அளவுகோலைக் கொண்டு முயல்வது?

மோசவத்சலம் மறைந்தது 1916இல். திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12 அன்று.