கூடுதல் பத்து சதவீத வேகம்

ஓ.எம்.ஆரில் படூரைக் கடந்துதான் தினமும் ஆபீஸ் போகிறேன். அங்கே வானூர்திப் பொறியியல் படித்த நண்பன் ஒருவன் இப்போது என் டீமில் ஜாவா எழுதுகிறான். ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்: "இருக்கிற இன்ஜினையே வச்சுக்கிட்டு ஒரு சின்ன விமானத்தை எப்படிடா வேகமாக்குறது?" அவன் யோசிக்கவே இல்லை. "புதுசா எதையும் சேர்க்காத. எது காத்தைப் பிடிச்சு இழுக்குதுன்னு பார்த்து அதை எடு."

அந்தப் பதிலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு முனை நம்ம ஊரிலேயே தொடங்குகிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த இரட்டைச் சிறகு விமானத்தை சிம்சன் கம்பெனியில் கட்டவைத்து, 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. விமானம் கட்டுவது அப்போது கோச்சுவண்டிப் பட்டறைக்காரர்களும் கை வைக்கக்கூடிய வேலையாக இருந்தது.

பிறகு அது பெரிய தொழிற்சாலைகளின் வேலையாகிவிட்டது. வீட்டுக்கு மீட்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான பர்ட் ருட்டான். 1975இல் அவருடைய வேரிஈஸி பறந்தது, 1979இல் லாங்-ஈஸி. ஃபோமைச் சூடான கம்பியால் வெட்டி, மேலே கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து ஒட்டினால் சிறகு. அச்சு வேண்டாம், ரிவெட் வேண்டாம், கார் நிறுத்தும் ஷெட் போதும். வரைபடத்தை வாங்கி ஆயிரக்கணக்கானவர்கள் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடித்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: இன்னும் கொஞ்சம் வேகம்.

இங்கேதான் கணக்கு குறுக்கே நிற்கிறது. வேகமாகப் பறக்கும்போது காற்றின் இழுவை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடியாகவும் கூடுகிறது. பத்து சதவீதம் கூடுதல் வேகத்துக்கு 100 குதிரைசக்தி இன்ஜின் போதாது, 133 வேண்டும். பெரிய இன்ஜின் என்றால் கூடுதல் எடை, கூடுதல் எரிபொருள். ஆனால் இழுவையை நாலில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் அதே பத்து சதவீதம் பழைய இன்ஜினிலேயே கிடைத்துவிடும். சக்கரத்துக்கு உறை, இடுக்குகளுக்கு அடைப்பு, இன்ஜினைக் குளிரவைக்கும் காற்று நுழையும் வாயைச் சிறிதாக்குவது என்று வேலைகள் நீளும். கலிபோர்னியாவின் கிளாஸ் சாவியே தன் வேரிஈஸியில் பல வருடம் செய்தது இதைத்தான். 100 குதிரைசக்தி வகை இன்ஜினோடு மணிக்கு 200 மைலைத் தாண்டிப் பறந்தார்.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஓர் எல்லையைத் தாண்டினால் சிறகின் சின்ன அதிர்வு காற்றிலிருந்தே சக்தி எடுத்துப் பெருகும். ஃபிளட்டர் என்பார்கள். சில நொடிகளில் விமானம் உடைந்துவிடலாம். இன்ஜின் தாங்குகிறது என்பதால் சிறகும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

வேகத்தோடு சம்பந்தமே இல்லாத மாற்றமும் உயிரை எடுக்கும். 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர், தான் வாங்கிய லாங்-ஈஸியோடு மான்டெரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். ருட்டானின் வரைபடத்தில் எரிபொருள் வால்வு விமானியின் முன்னால் இருக்கும். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் குழாய் விமானியின் அறைக்குள் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதைத் திருப்ப உடம்பை வளைக்கும்போது கால் தன்னையறியாமல் ரட்டர் பெடலை மிதித்துவிடும். கட்டியவருக்குப் பழகிய இடம், வாங்கியவருக்குப் பொறி. பிறர் எழுதிய கோடை நள்ளிரவில் திருத்தியவர்களுக்கு இந்தக் கதை புரியும். எங்களுக்காவது பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வசதி இருக்கிறது.

லாங்-ஈஸி இந்தியாவுக்கும் வந்தது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் 1980களில் அதன் அடிப்படையில் ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டி, கலவைப் பொருளில் வேலை செய்யக் கற்றுக்கொண்டது. அடுத்து 1993இல் பறந்தது ஹன்சா. அதன் புதிய வடிவமான ஹன்சா-என்ஜி 2022 பிப்ரவரியில் கடல்மட்டச் சோதனைக்காகப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. ஷெட்டில் ஃபோம் வெட்டியவர்களின் பாடம் அரசு ஆய்வகம் வழியாக நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தனி மனிதர்களுக்கு மட்டும் பாதை இன்னும் குறுகலாகவே இருக்கிறது. மும்பையில் அமோல் யாதவ் அடுக்குமாடி மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் அதைக் காட்சிக்கு வைத்தார். பதிவு எண் கிடைக்க 2017 ஆனது. அமெரிக்காவில் பெரும்பகுதியை நீங்களே கட்டினால் 'சோதனை' என்ற தனி வகையில் பறக்கலாம். பெரிய மாற்றம் செய்தால் தெரிவித்துவிட்டு, ஆளில்லாப் பகுதியில் மறுபடி சோதித்துக் காட்ட வேண்டும். தப்பு செய்ய இடம் தருகிறார்கள், அந்தத் தப்பு அடுத்தவர் தலையில் விழாமலும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நண்பனிடம் கேட்டேன், "இங்கேயும் அப்படி ஒரு விதி வந்தா நீ கட்டுவியா?" டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னான்: "கட்டுவேன். ஆனா வால்வை எங்கே வைக்கணும்னு வரைஞ்சிருக்கோ அங்கேயே வைப்பேன்."