கவலை ஏற்றமும் கரண்டு மோட்டாரும்



விவசாயத்துக்கு எதற்கு இலவச மின்சாரம் என்று பேரன் கேட்டான். அதற்குத்தான் இந்தப் பதிவு.

1932இல் பைக்காரா மின்நிலையம் வந்தபின், கோவைப் பகுதிக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. அதுவரை கவலை ஏற்றம்தான். கோடை லீவில் விடியுமுன்னே அய்யன் தண்ணீர் இறைப்பார். அண்ணனும் நானும் அவரோடு வடத்தில் உட்கார்ந்து சவாரி போவோம். பிறகு அம்மாவோடு மடை திருப்புவோம்.

மாடுகளை விற்று, கடனும் வாங்கி எங்கள் மூன்று ஏக்கருக்கு மோட்டார் வைத்தார் அய்யன். சவாரி போனது, கரண்டு பில் வந்தது.

1970 ஜூன் 19. எனக்கு ஒன்பது வயது. மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் போராடிய விவசாயிகள்மீது துப்பாக்கிச்சூடு. மூன்று பேர் மாண்டார்கள். அய்யனும் அங்கே போயிருந்தார். அம்மா எங்களுக்குக் கம்மஞ்சோறு கரைத்துக் கொடுத்துவிட்டு, தான் உண்ணாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நள்ளிரவில் திரும்பிய அய்யன் எதுவும் பேசவில்லை. எங்கள் இருவரையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் கட்டணம் நீங்கியது.

இலவசம் என்று சொல்லுமுன் அந்த மூவரை நினையுங்கள், கண்ணுகளா.