லேன், மேன், வான்: எது முதலில் பிறந்தது?



கணினி வலையமைப்பின் வகைகள் யாவை? இந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறோம். ஒரு கட்டடத்துக்குள் என்றால் லேன், ஒரு நகரம் அளவுக்கு என்றால் மேன், ஊர் விட்டு ஊர் போனால் வான். நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு வங்கிக் கிளைக்குள் இருக்கும் கணினிகளை இணைத்தால் அது லேன். காவிரியைத் தாண்டி தில்லைநகர், கண்டோன்மென்ட் கிளைகளோடு சேர்த்தால் மேன். மும்பைத் தலைமை அலுவலகத்தோடு சேர்த்தால் வான்.

புத்தகத்தில் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவதால், வரலாறும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் நடந்தது தலைகீழ்!

1969 அக்டோபர் 29 அன்று அர்பாநெட்டின் முதல் செய்தி லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மென்லோ பார்க்குக்குப் போனது. நம் திருச்சி – சென்னை தூரத்தை விட அதிகம். அதாவது வான்தான் மூத்த பிள்ளை. காரணம் எளிது. அன்று கணினி விலை மிக அதிகம், பெரிய பல்கலைக்கழகத்திலேயே சிலதான் இருக்கும். ஒரே கட்டடத்தில் இணைப்பதற்கு அதிகம் இல்லை. தூரத்தில் இருக்கும் கணினியைப் பகிர்ந்துகொள்ளத்தான் வலையமைப்பு தேவைப்பட்டது.

1973ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் மேசைக்கு ஒரு சிறிய கணினி வரத் தொடங்கியது. ஆனால் லேசர் பிரிண்டரை மேசைக்கு ஒன்று வைக்க முடியுமா? அதைப் பகிர்ந்துகொள்ள ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கினார். லேன் பரவியது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் ரயில்வே முன்பதிவைப் பாருங்கள். 1986ல் டெல்லியிலும், அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்திலும் கணினி முன்பதிவு வந்தது. ஆனால் அவை தனித்தனித் தீவுகள். திருச்சியிலிருந்து டெல்லி போகிறவர் திரும்பி வரும் டிக்கெட்டுக்கு அந்த ஊர் வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1999ல் ஐந்து மையங்களும் 'கான்சர்ட்' திட்டத்தில் இணைந்தன. இங்கே பகிர்ந்துகொண்டது கணினியும் இல்லை, பிரிண்டரும் இல்லை, ரயிலின் படுக்கை இடம்! 2002 ஆகஸ்ட்டில் ஐஆர்சிடிசி இணையதளம் அதை வீட்டுக்கே கொண்டு வந்தது.

ஆக, தூரம் என்பது பெயர் வைப்பதற்கான அளவுகோல் மட்டுமே. எதைப் பகிர வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பதுதான் வலையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. பரீட்சையில் கிலோமீட்டர் கணக்கை எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஜங்ஷன் கவுண்டரில் நின்று டெல்லியிலிருந்து திரும்பும் டிக்கெட்டை வாங்கும்போது, அந்த ஐந்து தீவுகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.