துரைப் பட்டம் யார் கொடுத்தது?

ஆங்கிலேயருக்கு ‘லார்ட்’ என்ற ஒரே சொல் ஆண்டவனுக்கும் ஆகும், பிரபுவுக்கும் ஆகும், உயர்மன்ற நீதிபதிக்கும் ஆகும். ஆனாலும் ஒருவர் பிரபுவாக அரசரின் ஆணை வேண்டும். பேராக் சுல்தான் வழங்கும் டத்தோ பட்டமும் அப்படித்தான். இங்கே மலேசியாவின் ரப்பர் தோட்டங்களில் வழங்கிய ‘துரை’ப் பட்டத்துக்கோ எந்த அரண்மனையிலும் பதிவில்லை. தமிழ்நாட்டில் அது பாளையக்காரர் குடும்பங்களில் வழங்கியது; வெள்ளையரை எதிர்த்து 1801இல் தூக்கிலேறிய ஊமைத்துரையின் பெயரிலேயே இருக்கிறது. அங்கேயே அதே பட்டம் வெள்ளையருக்கும் போயிற்று; கடல் தாண்டித் தோட்டங்களுக்கும் வந்தது. நிர்வாகி பெரிய துரை. உதவி நிர்வாகி சின்னத் துரை. பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுப்பவனின் வேலையும் சம்பளமும் யார் கையில் இருந்தனவோ, அவரே துரை.

ஈப்போவுக்கு அருகே, பத்து காஜாவில் பாதியில் நின்றுபோன மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்தில் பிரபு அல்லர். இங்கே துரை. மாளிகைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் மேலே, தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக அவருக்கும் ஒரு சிலை உண்டு. தொழிலாளர்கள் அவரைத் தெய்வமாகவே கருதினார்கள் என்பதற்கு இது சான்றாகாதா என்று கேட்கலாம். ஆகாது. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் சிலையாக நிற்பதும் இந்த மரபில்தான். திருப்பணிக்குக் கொடுத்தவருக்குக் கோயிலில் இடம் தருவது நம் வழக்கம். அது நன்றிக் கணக்கு, வழிபாடு அல்ல.

அப்படியானால் துரை என்பது வெறும் மரியாதைச் சொல்தானா? அதுவும் இல்லை. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமார் எதிரிலும் கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டார்கள் என்றால், அந்த மரியாதை மனத்திலிருந்து வந்ததல்ல, வாங்கப்பட்டது. கோயிலில் கொடையாளி, சாலையில் எசமான் என இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருந்தன.

சுதந்திரத்துக்குப் பின் துரைகள் நாடு திரும்பியதால் பட்டமும் போயிற்று என்பார்கள். ஆள் மாறினால் மட்டும் போகாது; அந்த நாற்காலியில் உள்ளூர்க்காரர் உட்கார்ந்தாலும் சீட்டைக் கிழிக்கும் அதிகாரம் அதே இடத்தில்தான் இருந்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார். அங்கே நிர்வாகியும் பால்மரம் வெட்டுபவர்களின் சங்கத்துக்குச் சம்பளக்காரர். துரைப் பட்டத்தின் வேரில் கைவைத்தது அந்தப் பங்குப் பணம்தான்.