வானம் யாருடைமை?

விண்பயணம் நெடுங்காலம் அரசுகளின் தனியுரிமையாகவே இருந்தது. ஸ்புட்னிக் ஏவப்பட்டு 47 ஆண்டுகள் நிறைந்த 2004 அக்டோபர் 4இல், கலிபோர்னியாவின் மொஹாவியிலிருந்து எழுந்த ஸ்பேஸ்ஷிப்ஒன், இரு வாரங்களுக்குள் இரண்டாம் முறையாக 100 கிலோமீட்டர் உயரம் தாண்டி, ஒரு கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசை வென்றது. அது விண்ணைத் தொட்டுத் திரும்பியதே; புவியைச் சுற்றவில்லை. 2008இல் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 நான்காம் முயற்சியில் சுற்றுப்பாதையை எட்டியது. 2020இல் அந்நிறுவனம் நாசா வீரர்களையே பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் சென்றது.

கலங்களைவிட, உடைமை குறித்த மாற்றமே பெரிது என எண்ணுகிறோம். எந்த நாடும் விண்ணுக்கு உரிமை கொண்டாடலாகாது என்றது 1967ஆம் ஆண்டு உடன்படிக்கை. விண்கல்லில் அகழ்ந்தெடுப்பது அகழ்ந்த அமெரிக்கருக்கே சொந்தம் என்றது 2015ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். கடல் பொது, மீன் பிடித்தவனுக்கு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். மீன் மீண்டும் பெருகும், விண்கல் பெருகாது.