எடிசன் என்ற பெயர்ப் பலகை

சினிமா பற்றிச் சிறு பத்திரிகைகளில் நாம் எழுதுகிற கட்டுரைகளில் ஒரு சௌகரியமான அனுமானம் இருந்துவருகிறது. படம் டைரக்டருடையது. ரேயின் படம், பிரெஸ்ஸோனின் படம், ஓஸுவின் படம் என்கிறோம். இந்த அனுமானத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒரு சிருஷ்டியை அதற்குப் பொறுப்பானவனின் பெயரால் அழைப்பது விமர்சனத்துக்கு அவசியம். ஆனால் காமிராவும் பிலிமும் புரொஜக்டரும் ஏதோ மலையும் ஆறும் போல என்றைக்கும் இருந்துவந்தவை என்கிற பாவனையில் எழுதுகிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த யந்திரங்களையும் யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் எப்படித் தங்கின, எப்படித் தொலைந்தன என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இலக்கியத்தில் நாம் ஓயாமல் தர்க்கித்துக் கொண்டிருக்கும் 'யார் எழுதியது' என்ற கேள்வியை அந்தச் சரித்திரம் இன்னும் கறாராகக் கேட்கிறது.

சினிமாவைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும். கொஞ்சம் படித்தவர்கள், இல்லை, லூமியேர் சகோதரர்கள் என்பார்கள். நான் இங்கே எடிசனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1888 பிப்ரவரியில் மைப்ரிட்ஜ் நியூ ஜெர்ஸிக்குப் போய் எடிசனைச் சந்தித்தார். அந்த ஆண்டு அக்டோபரில், போனோகிராப் காதுக்குச் செய்கிற காரியத்தைக் கண்ணுக்குச் செய்யப்போகும் ஒரு சாதனம் குறித்து எடிசன் பேடண்ட் அலுவலகத்துக்கு முன்னறிவிப்பு எழுதினார். அதில் இருப்பது சினிமா அல்ல. போனோகிராப் உருளையைப் போலவே ஓர் உருளை, அதைச் சுற்றித் திருகு வரிசையில் குட்டிக் குட்டிப் போட்டோக்கள், ஒரு பூதக்கண்ணாடி. தன்னுடைய முந்தைய வெற்றியின் உருவத்திலேயே அடுத்ததையும் அவர் கற்பனை செய்திருந்தார். 1889-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனபோது மாரேயைச் சந்தித்தார். நீளமான பட்டையில் வரிசையாகப் படம் பிடிக்கும் முறையை மாரே அதற்குள் செய்து வைத்திருந்தார். எடிசன் ஊர் திரும்பி, அந்த ஆண்டுக் கடைசியில் எழுதிய அடுத்த முன்னறிவிப்பில் உருளைக்குப் பதில் பட்டை வந்துவிடுகிறது.

இந்தப் பட்டையோடு உட்கார்ந்து வேலை செய்தவர் டபிள்யூ. கே. எல். டிக்ஸன். 1860-ல் பிரான்ஸில் பிறந்த பிரிட்டிஷ்காரர். பத்தொன்பது வயதில் லண்டனிலிருந்து எடிசனுக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதினார், கிடைக்கவில்லை. அமெரிக்காவுக்கே போய் 1883-ல் சேர்ந்துவிட்டார். போட்டோகிராபி தெரிந்தவர். அவருக்கு யந்திர வேலையில் துணையாக இருந்தவர் வில்லியம் ஹைஸ். ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மில்லிமீட்டர் அகலச் சுருளை நடுவில் இரண்டாகக் கிழித்து, இரு ஓரங்களிலும் ஒரு படத்துக்கு நான்கு துளைகள் வீதம் போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் 35 மில்லிமீட்டர் பிலிம். 1892 வாக்கில் டிக்ஸனின் மேஜையில் முடிவான அளவு அது. 1909-ல் பாரிஸில் கூடிய பிலிம் உற்பத்தியாளர்கள் அதையே சர்வதேச அளவாக ஏற்றுக்கொண்டார்கள். ஐஸன்ஸ்டீனும் ட்ரையரும் ரேயும் அந்த அளவுக்குள்தான் வேலை செய்தார்கள். ஒரு கவிஞன் யாப்பை ஏற்றுக்கொள்வது மாதிரி என்று சொல்லத் தோன்றுகிறது. யாப்புக்காவது இலக்கண ஆசிரியன் பெயர் உண்டு.

1891 ஆகஸ்டில் காமிராவுக்கும் பார்வைப் பெட்டிக்கும் பேடண்ட் விண்ணப்பங்கள் போயின. எடிசன் பெயரில் மட்டும். டிக்ஸன் முழுக்க ஏமாற்றப்பட்ட அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். 1894-ல் எடிசனின் வாழ்க்கையைப் பற்றியும் 1895-ல் இந்த யந்திரங்களைப் பற்றியும் தன் சகோதரி அன்டோனியாவோடு சேர்ந்து புத்தகங்கள் எழுதினார். எடிசன் என்ற மந்திரவாதியின் பிம்பத்தை வார்த்தைகளில் வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். அதே சமயம், பட்டறைத் தொழிலாளி பிரெட் ஓட் தும்முவதைப் படம் பிடித்து, 1894 ஜனவரியில் வாஷிங்டனில் காப்புரிமைப் பதிவு செய்தபோது, உரிமை கோருபவர் இடத்தில் தன் பெயரையே போட்டார். பொடி போட்டுத் தும்மும் ஒரு மனிதனைக் காட்டும் சில வினாடிகள். அதன் பெயரில் எடிசன், அதன் உரிமையில் டிக்ஸன். இந்த இரட்டைத்தன்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயரை எசமானுக்குக் கொடுத்துக்கொண்டே, ஓரத்தில் எங்காவது தன் கையெழுத்தையும் போட்டு வைக்கிறான் வேலைக்காரன்.

அடுத்தது ஒரு தொய்வின் கதை. டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் யாரையாவது பிலிம் மாட்டும்போது பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். கேட்டுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் பிலிமைத் தொய்வாக விட்டு மாட்டுவார். லூப் என்பார்கள். ரீல் ஒரே சீராகச் சுற்றுகிறது. ஆனால் கேட்டில் பிலிம் ஒவ்வொரு படத்துக்கும் நின்று, வெடுக்கென்று இறங்கி, மறுபடி நிற்க வேண்டும். சீரான ஓட்டத்துக்கும் விட்டுவிட்டு வரும் இழுப்புக்கும் நடுவே இந்தத் தொய்வு இல்லாவிட்டால், ரீலின் கனம் முழுவதும் அந்த வெடுக்கில் வந்து விழும், பிலிம் கிழியும். லூப் போய்விட்டால் திரையில் படம் உதறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

1894-ல் எடிசன் கூடத்தில் ஒரு குத்துச்சண்டையைப் பிடித்தார்கள். ஆறு சுற்றுகளையும் ஆறு பெட்டிகளில் தனித்தனியாகத்தான் காட்ட முடிந்தது. தொடர்ந்து ஓடும் நீண்ட சண்டையைத் திரையிலேயே காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள் உட்வில் லேதமும் அவருடைய மகன்களும். எடிசனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே டிக்ஸன் ரகசியமாக இவர்களுக்கு யோசனை சொன்னார். எடிசனின் பழைய தொழிலாளியான யூஜீன் லோஸ்ட் இவர்களிடம் வேலைக்கு இருந்தார். 1895 ஏப்ரலில் டிக்ஸன் எடிசனை விட்டு விலகினார். மே மாதம் 20-ந் தேதி நியூயார்க் பிராட்வேயில் லேதம்கள் காசு வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டினார்கள். லூமியேர்களின் டிசம்பர் காட்சிக்கு ஏழு மாதம் முன்னால். அந்த யந்திரத்தில்தான் தொய்வு வந்தது. 'லேதம் லூப்' என்று இன்றும் அதற்குப் பெயர். அதைச் செய்தவர் லோஸ்ட் என்று டிக்ஸனே பின்னாளில் எழுதினார். 1902-ல் கிடைத்த பேடண்ட் லேதமுடையது. பிறகு அது கை மாறி, விலைக்குப் போய், 1908-ல் எடிசனும் பயாகிராபும் சேர்ந்து அமைத்த பேடண்ட் கம்பெனியின் ஆயுதங்களில் ஒன்றாயிற்று. 1912-ல் நீதிமன்றம் அந்தப் பேடண்ட் செல்லாது என்றது. அந்த ஏகபோகக் கம்பெனியே சட்ட விரோதம் என்ற தீர்ப்பு 1915-ல் வந்தது. பிலிமில் ஒரு சாண் தொய்வு; அதற்கு உரிமை கொண்டாடி இத்தனை வழக்கு.

மூன்றாவது கதையில் பெயர் நேரடியாகவே வியாபாரம் ஆகிறது. வாஷிங்டனில் ஒரு மின்சாரப் பள்ளியில் சந்தித்துக்கொண்ட தாமஸ் ஆர்மட்டும் பிரான்சிஸ் ஜென்கின்ஸும் சேர்ந்து ஒரு புரொஜக்டர் செய்தார்கள். 1895-ல் அட்லாண்டா கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். உடனே இருவருக்கும் சண்டை. யந்திரம் தன்னுடையது மட்டுமே என்று ஜென்கின்ஸ் சொல்லத் தொடங்கினார். கடைசியில் ஜென்கின்ஸின் பங்கை ஆர்மட் விலைக்கு வாங்கினார். எடிசனின் பார்வைப் பெட்டிகளை விற்றுவந்த ராஃப், கேமன் என்ற இரு வியாபாரிகளுக்கு அப்போது தொழில் படுத்துவிட்டிருந்தது. ஆர்மட்டின் யந்திரத்தைப் பார்த்தார்கள். எடிசன் பெயரில் வந்தால்தான் ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்று ஆர்மட்டுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவரும் ஒப்புக்கொண்டார், எடிசனும் ஒப்புக்கொண்டார். 1896 ஏப்ரல் 23 இரவு நியூயார்க்கில் கோஸ்டர் அண்ட் பயல் அரங்கில் 'எடிசனின் விட்டாஸ்கோப்' காட்டப்பட்டது. புரொஜக்டர் அறைக்குள் நின்றவர் ஆர்மட். மறுநாள் பத்திரிகைகள் புகழ்ந்தது எடிசனை. அந்த ஆண்டு முடிவதற்குள் எடிசன் கம்பெனி தன் சொந்தப் புரொஜக்டரைக் கொண்டுவந்து, விட்டாஸ்கோப்பைக் கைவிட்டது.

இதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் என்பது செய்தவனைச் சுட்டும் சொல்லாக இல்லாமல், கடை வாசலில் தொங்கும் பலகையாக மாறிவிட்ட பிறகு, அதற்கு வாடகை பேசலாம். ஆர்மட் வாடகைக்குப் பலகை வாங்கினார். ஆனால் சரித்திரம் பலகையைத்தான் படிக்கிறது.

சரித்திரம் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? 1926-ல் டெரி ராம்சே எழுதிய பெரிய புத்தகத்தில் எடிசன்தான் மூல புருஷர். 1961-ல் கோர்டன் ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கதையை ஆவணம் ஆவணமாகப் பிரித்துப்போட்டார். சினிமா யந்திரத்தைப் பொறுத்தவரை எடிசனுக்கு என்று சொல்லப்பட்ட அனேகமாக எல்லாமே டிக்ஸனுக்குப் போக வேண்டும் என்பது அவர் முடிவு. அவருடைய உழைப்புக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனால் முடிவு எனக்குத் திருப்தி தரவில்லை. சிம்மாசனம் அங்கேயே இருக்கிறது. ஆளை மட்டும் மாற்றி உட்கார்த்தி வைத்திருக்கிறார். டிக்ஸனுக்கு எல்லாவற்றையும் கொடுத்தால் ஹைஸ் எங்கே போவார், லோஸ்ட் எங்கே போவார், பட்டையை முதலில் ஓட்டிய மாரே எங்கே போவார்? எடிசனுடைய பணமும் பட்டறையும் பிடிவாதமும் இல்லாமல் டிக்ஸன் என்ன செய்திருப்பார் என்ற கேள்வியும் நிற்கிறது. பிற்பாடு சார்ல்ஸ் மஸ்ஸர் போன்றவர்கள் இதைச் சற்று நிதானமாகப் பார்த்தார்கள்: ஒரு பட்டறை, அதற்குள் வேலைப் பிரிவினை, அதற்கு வெளியே ஒரு சந்தை.

தவிர, டிக்ஸனும் நம்பகமான சாட்சி இல்லை. 1933-ல் அமெரிக்க சினிமாப் பொறியாளர்கள் சங்கத்தின் பத்திரிகையில் அவர் தன் கதையை எழுதினார். 1889 அக்டோபரில் எடிசன் பாரிஸிலிருந்து திரும்பியபோதே, தான் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும் பேசும் படத்தைத் திரையில் காட்டி வரவேற்றதாகச் சொல்கிறார். அதற்கு ஆதாரம் இல்லை. டிக்ஸன் தொப்பியோடு தோன்றும் படத்துண்டு ஒன்று உண்டுதான். அது 1891-ஐச் சேர்ந்தது, அதில் ஒலி கிடையாது. நியாயம் மறுக்கப்பட்டவன் சொல்வதெல்லாம் உண்மையாக இருந்தாக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கிடைக்காத அங்கீகாரத்தைப் பல வருஷம் மனதில் வைத்திருந்தவன் தேதிகளைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிடுவான். நம் எழுத்தாளர்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அந்தப் பொறியாளர்கள் சங்கத்தை 1916-ல் தொடங்கியவர் யார் தெரியுமா? ஆர்மட்டோடு சண்டையிட்ட அதே ஜென்கின்ஸ். தன் பெயருக்காக ஆயுள் முழுவதும் வாதாடியவர், அளவுகளைப் பொதுவாக்குவதையே நோக்கமாகக் கொண்ட ஒரு சங்கத்தை விட்டுச் சென்றார். ஹாலிவுட் அகாடமி 1948 மார்ச்சில் நடத்திய விழாவில் ஆதிகாலத்தவர்கள் நால்வருக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தது. அதில் ஆர்மட்டும் ஒருவர். அதே ஆண்டு அவர் காலமானார். ஜென்கின்ஸ் 1934-லும் டிக்ஸன் 1935-லும் போய்விட்டிருந்தார்கள். தொழில்நுட்ப விருதுகளை அகாடமி 1931-லிருந்து கொடுத்து வருகிறது. பல பத்தாண்டுகளாக அவற்றுக்கு வேறொரு நாள், வேறொரு கூட்டம். 1937-ல் லைப்சிக் கண்காட்சிக்கு வந்த ஆரிஃபிளெக்ஸ் காமிராவுக்காக ஆகஸ்ட் அர்னால்டுக்கும் எரிஷ் கேஸ்ட்னருக்கும் அகாடமி விருது கொடுத்தது 1982-ம் ஆண்டுக்கு. லென்ஸ் பார்ப்பதையே காமிராக்காரனும் பார்க்கும்படி, சுழலும் கண்ணாடியை அவர்கள் வைத்த பிறகு 45 ஆண்டு. காமிராவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய எத்தனையோ டைரக்டர்கள் அதற்குள் புகழ் பெற்று முடித்திருந்தார்கள்.

இந்த அலட்சியம் நம்மிடமும் உண்டு. 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகப் போனதைத் தமிழ் சினிமாவின் தொடக்க அத்தியாயமாகச் சொல்கிறோம், சரிதான். விற்றவரை டூபான்ட் என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் வைத்திருக்கிறோம். அந்த யந்திரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். சினிமாவைப் பற்றி எழுதும் நாம், பேடண்ட் விண்ணப்பங்களையும் வழக்குத் தீர்ப்புகளையும் பொறியாளர்களின் பத்திரிகைகளையும் கலைக்குச் சம்பந்தமில்லாத காகிதங்கள் என்று ஒதுக்குவதை நிறுத்த வேண்டும். ஒரு ஷாட் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்குப் பதில் டைரக்டரின் மனதில் பாதி இருந்தால், மீதி பிலிம் பெட்டியின் கொள்ளளவில் இருக்கிறது. அந்தக் கொள்ளளவுக்குப் பின்னாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கலைஞர்கள் என்று அழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு சிம்மாசனம் வேண்டாம். அவர்கள் செய்த காரியத்தை, யாருடன் சேர்ந்து செய்தார்கள் என்பதோடு சேர்த்து, உள்ளபடி சொன்னால் போதும்.

டிக்ஸனின் பெயர் ஒரு படத்தின் மேல் தங்கியிருக்கிறது. 1894 இறுதியிலோ 1895 தொடக்கத்திலோ எடிசன் கூடத்தில் ஒலியையும் படத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய முயன்றார்கள். பெரிய கூம்பின் முன்னால் டிக்ஸன் நின்று வயலின் வாசிக்கிறார். பக்கத்தில் இரண்டு ஆண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். முழுதும் பதினேழு வினாடி. ஒலி உருளை உடைந்து கிடந்து, ஒட்டவைக்கப்பட்டு, 2000-ல் வால்டர் மர்ச் இரண்டையும் இசைய வைத்தார். இன்று அதை 'டிக்ஸன் பரிசோதனை ஒலிப்படம்' என்கிறார்கள். ஆடுகிற இருவருடைய பெயர் அந்தத் தலைப்பில் இல்லை.